மற்றவை எனில் விளக்கவும்

லியபாயாவில் டிராம் தடம் ஒன்றுதான்.
இந்த முனையில் கிளம்பினால் அந்த முனை,
அந்த முனையில் கிளம்பினால் இது.
பதினொரு வருஷமாக ஓட்டுகிறேன்.
தொலைந்துபோக வழியே இல்லாத வேலை.

என் பொட்டலம் மட்டும் தொலைந்தது.

பென்சில் சீவும் கருவி. சிவப்பு.
மேசையில் திருகிவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும்.
இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல்,
கனசாவாவில் யாரோ ஹோஷிகாவா விற்பதைப் பார்த்து
வாங்கிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.
சுங்க இலாகா அதை மட்டும்தான் கேட்கவில்லை.

ஒசாகாவில் ஏறியது.
பிராங்க்பர்ட்டில் இறங்கியது.
ரீகாவில் ‘பரிசீலனையில் உள்ளது’.
மறுநாளும் பரிசீலனையில்.
அதற்கடுத்த நாள் மறுபடி பிராங்க்பர்ட் என்று காட்டியது,
அடுப்பை அணைத்தோமா என்று
பாதி வழியில் திரும்பிப் போனவளைப் போல.
ஒவ்வொரு முனையிலும் வண்டி மூன்று நிமிடம் நிற்கும்.
அந்த மூன்று நிமிடமும் கைபேசியில் அதன் எண்ணை அடித்தேன்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது.
அனுப்பியவர் ‘அன்பளிப்பு’ என்று குறித்திருக்கிறார்,
படிவத்தை நிரப்புக.
நல்ல மனசு. எனக்கு எட்டு யூரோ நாற்பது மிச்சமாகட்டும் என்று
ஒரு கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டார்.

அன்பளிப்பின் காரணம்: பிறந்தநாளா, திருமணமா, பண்டிகையா?
அன்பளித்தவர் தங்களுக்கு என்ன உறவு?
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது.
உறவினர். நண்பர். மற்றவை.

நாற்பத்தாறு வயதுக்காரியிடம்
கடைசியாக உனக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று
அரசாங்கம் எழுத்துமூலம் கேட்கக் கூடாது.
டிப்போவில் கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் கொடுத்த
கையுறை கணக்கில் வருமா?
இவார்ஸ் எடுத்துப்போக மறந்த சைக்கிள் பம்ப்?

‘நண்பர்’ என்று அழுத்திவிட்டு யோசித்தேன்.
மொழிபெயர்ப்பு இயந்திரம் வழியாக ஐந்து செய்தி அனுப்பியிருந்தார்.
இன்று மழை பலம், பெட்டி நனையும், நாளை அஞ்சலகம் போகிறேன்.
கைப்பிடிக்குத் தனியாகத் துணி சுற்றினேன்.
வந்ததா?
இன்னும் வரவில்லையா?
தங்கள் ஊரில் குளிரா? இரும்பு குளிரில் இறுகும், மெதுவாகச் சுற்றவும்.

இந்த மாதம் முழுக்க என் ஊரில் குளிரா என்று
வேறு யாரும் கேட்கவில்லை.
கேட்க வேண்டியதில்லைதான்.
எல்லாரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

நண்பரை எடுத்துவிட்டு ‘மற்றவை’ போட்டேன்.
உடனே கீழே ஒரு கட்டம் விரிந்தது:
மற்றவை எனில் விளக்கவும், இருநூற்றைம்பது எழுத்துக்குள்.
எழுதினேன். அழித்தேன்.
மணியடித்து வண்டியை எடுத்தேன், கடல்காற்று கண்ணாடியை அறைந்தது,
அடுத்த முனையில் மறுபடி எழுதினேன்:
‘அன்பளிப்பு இல்லை. நானே வாங்கினேன். எனக்குத்தான்.’
மீதி எழுத்தெல்லாம் சும்மா கிடந்தது.

சுங்கத்திலிருந்து ரைடிஸ் என்பவர் போன் செய்தார்.
‘அப்படியே விட்டிருக்கலாமே, திருமதி வீடோலா.
யாரும் இப்படித் திருத்திக் கொடுப்பதில்லை.’
சலிப்பா இரக்கமா, குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.
எட்டு நாற்பது கட்டினேன். கையாளும் கட்டணம் தனி.

சூப்பர்மார்க்கெட் வாசலில் பொட்டலப் பெட்டகம்.
எண்ணை அடித்ததும் மேலிருந்து மூன்றாவது கதவு
தானாக, பட்டென்று.

வீட்டில் பிரித்தேன். சொன்னபடி, கைப்பிடிக்குத் தனித் துணி.
சீவல் விழும் சிறு இழுப்பறையை இழுத்தால்
காலியில்லை.
யாரோ என்றைக்கோ சீவிய சுருள்கள்,
ஓரத்தில் பச்சைச் சாயம், மூச்சுப் பட்டால் பறக்கும் கரித்தூள்.
எந்தப் படிவத்திலும் இல்லை இது.
எடை இல்லை, விலை இல்லை, காரணமும் கேட்கவில்லை.
இழுப்பறையை மெதுவாகத் தள்ளி மூடினேன்.
ரைடிஸுக்குத் தெரிய வேண்டாம்.

மேசை ஓரத்தில் திருகி இறுக்கினேன்.
மெதுவாகச் சுற்றினேன்.
அப்புறம்தான் உறைத்தது,
வீட்டில் பென்சில் இல்லை.