முழுக்கத் துக்கடா

சபைக்குக் கடிதம் எழுதி
மூன்று நாளுக்கு மணியை நிறுத்தினேன்.
கால்மணிக்கு ஒருதரம் அடித்துப் பழகிய கோபுரம்
தூன் ஏரியைப் பார்த்து
வாயில் துணி அடைத்ததுபோல் நின்றது.
ஊருக்கு நேரம் தெரியாமல் போயிற்று.
தபால்காரர் மட்டும் சரியாக வந்தார்.

வெப்பக் குழாய்களையும் அணைக்கச் சொன்னார்
ஒலிப்பதிவாளர் ரேத்தோ.
ஆறும்போது அவை முனகுமாம்.
முதல்நாள் இரவே அணைத்தேன்.
காலையில் தேவாலயத்துக்குள் ஒன்பது பாகை.
பியானோக்காரர் விரல்நுனி வெட்டிய கையுறையில்.
ஒடில் பெர்துஸ் கோட்டோடு நின்று
வில்லை எடுக்கும்போது மட்டும் கழற்றினார்,
தண்ணீரில் இறங்கப் போகிறவர்போல.

பதினான்கு உருப்படி.
எதுவும் நாலு நிமிடத்தைத் தாண்டாது.
ஒரு தாலாட்டு, ஒரு நொண்டி நடனம்,
பட்டுத்துணியைக் கிழிப்பதுபோல் ஒன்று.
நம் கச்சேரியில் இவையெல்லாம்
தனியாவர்த்தனம் முடிந்து
பாதிப்பேர் செருப்புத் தேடும்போது வரும்.
இங்கே முழுக்கத் துக்கடா.
பந்தி முழுக்கப் பாயசம்.

நான் கேட்கவில்லை. என் வேலை வெளியே.
ஸெப்பின் டிராக்டரைக் கைகாட்டி மறிப்பது,
அவன் திட்டுவதைச் சிரித்து வாங்குவது,
மாடுகளை மேல்வயலுக்கு ஓட்டச் சொல்வது
(மாட்டின் கழுத்துமணிக்குச் சபை அனுமதி செல்லாது).
பின்னறைக் குளிர்ப்பெட்டியின் செருகியைப் பிடுங்கி
அதை அப்படியே மறந்தேன்.
வியாழன், செத்தவீட்டுக் கோப்பியில்
பால் திரைந்து மிதந்தது.

கருவாலிக் கதவு வழியே வயலின்
தண்ணீருக்கடியில் யாரோ பேசுவதுபோல் வந்தது.
ஐந்தாவது உருப்படியைப் பதினொரு தரம் வாசித்தார்.
பத்துத் தரம் ஒரே இடத்தில் நின்றார்.
அந்த இடத்தில் என்ன பிழையென்று
இன்றுவரை தெரியாது.
கதவுக்கு இந்தப் பக்கம்
எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மாலை ரேத்தோ கூப்பிட்டார்.
உள்ளே வாருங்கள், கதவைச் சாத்துங்கள்,
இனி ஒன்றும் இல்லாததைப் பதிய வேண்டும்.
உருப்படிக்கும் உருப்படிக்கும் நடுவே
வெறுமையை விட்டால் காது விழுந்துவிடுமாம்.
இந்தக் கட்டடத்தின் மௌனம்தான் வேண்டுமாம்.

நாலு பேர் நின்றோம்.
ஒடில் வயலினைக் குழந்தைபோல் சாய்த்துப் பிடித்திருந்தார்.
நான் சாவிக்கொத்தை முட்டிக்குள் இறுக்கினேன்.
குழாய் முனகவில்லை. மாடு இல்லை. மணி இல்லை.
ஒரு நிமிடம்.
அவ்வளவு நேரம் என் வேலையை
நானே உள்ளே நின்று கேட்டதில்லை.

மாசியில் தபாலில் வந்தது தட்டு.
கையேட்டில் சபைக்கு நன்றி, பியானோ கம்பெனிக்கு நன்றி.
இரவு பத்தேகாலுக்கு, சமையலறையில்,
தாலாட்டு முடிய
ஒலியை உச்சம்வரை திருகினேன்.
"ஒன்றும் கேட்கேல்லையே" என்றார் கணவர்.
கையைக் காட்டினேன், டிராக்டருக்குக் காட்டுவதுபோல.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஓக்கு மரம், குளிர், நாலு பேர் மூச்சு.
உலோகம் உள்ளங்கையில் சுட்டது.
நாலு.

குறைக்க மறந்துபோனேன்.
நொண்டி நடனம் வீடு அதிரப் பாய்ந்தது.
கீழ்வீட்டு ஃப்ராவ் ஏபர்சோல்ட்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார்,
தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி.