இருபத்திரண்டாம் கேள்வி

துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்குள் போக
பாஸ் கேட்டிருக்கிறார் ஜெயரூபன்.
கோப்பு என் மேசைக்கு வந்தது
ஜம்பட்டா வீதி நவ்பல் கடையின்
கடன் கொப்பியோடு.
தமிழில் கிடப்பதைச் சிங்களத்தில் எழுதுவது
என் வேலை. முடிவு மேல்மாடியில்.

பால்மா இரண்டு பக்கெட். மண்ணெண்ணெய்.
பிள்ளைக்குக் கொப்பி, ஒற்றை றூள்.
ஒக்டோபருக்குப் பிறகு
வரவுப் பக்கம் வெள்ளை.
ஓரத்தில் பென்சிலால் நவ்பல்:
நல்ல மனிசன், நெருக்க வேண்டாம்.
அதையும் எழுதினேன்,
யாரும் கேட்காமலே.

லீசிங் கம்பனிக் கடிதங்கள் நான்கு.
செட்டியார் தெரு அடகுச் சீட்டு,
மூழ்கிப்போனது.

எல்லாவற்றுக்கும் அடியில் படிவம்.
தீர்க்காத கடன் உண்டா?
உருண்டை உருண்டையான அழகுக் கையெழுத்தில்
இல்லை.

"கடன் மட்டுமென்றால்
ஆறு மாதம் பார்த்திருக்கலாம்,
காசுக்கு அந்தரப்படுகிறவனை
யாரும் விலைக்கு வாங்கலாம் என்று
ஒரு குறிப்புப் போட்டு.
இந்த இல்லையை நான் எங்கே வைக்க?"
விசாரணை அதிகாரிக்குக் கோபமில்லை,
களைப்புத்தான்.

கடனுக்குச் சிங்களத்தில் ணய.
பதினெட்டு வருடமாக எழுதுகிறேன்.
இன்றைக்குத்தான் கண்டேன்,
நாணயம் என்ற சொல்லுக்குள்
அது உட்கார்ந்திருப்பதை.
அதற்கு முன்னால் ஒரு நா.

கோட்டைப் பக்கம் கப்பலொன்று ஊதியது.
மின்விசிறி பக்கத்தைப் புரட்டப் பார்க்க
கையால் அமத்திக்கொண்டேன்.

மார்ச்சில் என் பாஸும் முடிகிறது.
அதே படிவம்தான்.
கைப்பைக்குள் வங்கிக் கடிதம்,
மூன்றாவது,
இன்னும் பிரிக்கவில்லை.