இளஞ்சூடு

ஐந்து ஐம்பது. ரெலாவ் அடுக்குமாடியின் கீழே
முப்பதாவது உதை.
இருமுகிறது, செருமுகிறது,
பதில் சொல்ல வாயெடுத்தவன் போல ஒரு கணம்,
பிறகு ஊமை.

பதினோரு வருஷத்து ஈஎக்ஸ் ஃபைவ்.
இதற்கும் எனக்கும் இடையில்
மெக்கானிக் என்று ஒருத்தர் இருந்ததில்லை.
பாயான் லெப்பாஸில் நான் சோதிப்பது
விரல்நகத்தில் பாதி இருக்கும் சில்லு,
நாளைக்கு நாலாயிரம், பூதக்கண்ணாடிக்கு அடியில்.
பழுது என்றால் கோபப்படக் கூடாது,
ஒவ்வொன்றாகக் கழிக்கவேண்டும்.

எண்ணெய்?
சீட்டைத் தூக்கினேன். டாங்கியின் அடியில்
கொஞ்சம் தளும்புகிறது.
நேற்று ஐந்து வெள்ளிக்கு ஊற்றியது,
பாதிக்கு மேல் இருக்கவேண்டுமே.
ஒழுகியிருக்கலாம் என்று தரையை முகர்ந்தேன்.
இல்லை.

தீப்பொறி?
பிளக்கைக் கழற்றக் குனிந்தபோதுதான்
புறங்கை எஞ்சினில் பட்டது.
சுடவில்லை.
ஆனால் குளிரவும் இல்லை.

கல்யாணப் பந்தி முடிந்து விடிந்த பிறகும்
சாம்பலுக்குள் கிடக்குமே, அந்தச் சூடு.
நேற்று மாலை ஏழரைக்கு நிறுத்திப் பூட்டி
சாவியை ஆணியில் மாட்டியவள் நான்.

பிளக் நனைந்திருந்தது, முனையெல்லாம் கரி.
குடிக்க முடியாத அளவுக்கு யாரோ
ஊட்டிவிட்டிருக்கிறான்.
சோக்கைப் பார்த்தேன். முழுசாக இழுத்தபடி.
நான் அதைத் தொடுவதே இல்லை,
பினாங்கில் என்ன பனியா கொட்டுகிறது.
ராத்திரி மழையில் நின்றுபோயிருக்கும்,
இழுத்திருக்கிறான்,
திருப்பித் தள்ள மறந்திருக்கிறான்,
பாயா தெருபோங் மேட்டில் திணறத் திணற ஓட்டி,
கடைசியில் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறான்.
யாரோ என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

காவலுக்கு நிற்கும் நேப்பாளத்துக்காரர் தில் குமார்
கைப்பேசி விளக்கைப் பிடித்தார்.
தண்ணீர் புகுந்திருக்கும் என்று மலாயில் சொன்னார்.
கேட்டைத் திறப்பதும் மூடுவதும் அவர்தான்.
நான் கேட்கவில்லை. அவரும்
விளக்கை பிளக்கை விட்டு நகர்த்தவில்லை.

லிப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை.
மூன்று மாடி ஏறி
குறட்டில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன்.
நீலச் சுடரில் ஒரு மஞ்சள் நாக்கு
வெடுக்கென்று எழுந்து அடங்கியது.
வாசலோரம் தர்வினின் கேன்வாஸ் சப்பாத்து,
உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து வைத்திருக்கிறான்.
ஈரம் அப்படித்தான் வாங்கும் என்று
எங்கே தெரிந்துகொண்டானோ.

அறைக்கதவு சாத்தியிருந்தது. பதினைந்து வயசு.
உள்ளே விசிறிச் சத்தம், அதற்கு அடியில்
தூங்குகிறவனின் மூச்சு இல்லை,
தூங்குவதாகக் காட்டுகிறவனின் மூச்சு.
தட்டக் கையெடுத்தேன்.
குறட்டில் பிளக் ஆறிக்கொண்டிருந்தது.
எங்கே போனாய், யாரோடு, ஹெல்மெட் போட்டாயா,
மூன்றும் மாலை வரை காயட்டும்.

சோக்கைத் தள்ளி, பெட்ரோல் குழாயை மூடி,
முறுக்கியை முழுக்கத் திறந்து
எட்டு வெறும் உதை. தொண்டை காலியாகட்டும்.
பிளக்கை மாட்டி, குழாயைத் திறந்து,
இன்னும் ஒன்று.

பிடித்தது.
கறுப்பாகக் கக்கியது, பிறகு
தன் குரலுக்கு வந்தது.
தேவைக்கு மேலேயே முறுக்கினேன்,
நாலு பிளாக்கும் எழும்பட்டும் என்று.
தில் குமார் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

கேட்டைத் தாண்டுகையில் வலது கண்ணாடியைப் பார்த்தேன்.
பின்னால் வரும் சாலை அதில் இல்லை.
என்னைவிட நாலு விரல் உயர்ந்த ஒருத்தனுக்காக
நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.
சாலைக்குப் பதில் அதில்
விடியாத வானமும் எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலும்.
விளக்கு எரிந்தது.
யாரோ நின்றிருந்தான்.

ஆறு இருபத்தைந்து.
எப்படியும் ஒரு சிவப்பு விளக்கு வரும்,
கண்ணாடியை அங்கே திருப்பிக்கொள்ளலாம்.