படம் நான்கு

நான் எதையும் கண்டுபிடித்தவன் அல்லன்.
சான்சரி லேனுக்குப் பின்புறம், மூன்றாம் மாடியில்,
கண்டுபிடித்தவர்களின் படங்களைப்
படியெடுப்பது என் பிழைப்பு.
தாளுக்கு ஒன்பது பென்னி.
மை என்னுடையது.

இந்த வாரம் வந்தவை:
தானாக உருளைக்கிழங்கு சீவும் சக்கரம்,
தொப்பிக்குள் காற்று வர ஒரு குட்டிக் கதவு,
கப்பல் மூழ்கினால் மிதவையாக விரியும் நாற்காலி.
நாற்காலிக்காரருக்கு நீந்தத் தெரியாதாம்,
விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார்.

எல்லோரும் ஒரே சொல்லில்தான் தொடங்குகிறார்கள்:
நான்.
பற்சக்கரம், நெம்புகோல், வில்சுருள் எல்லாம்
அதற்குப் பிறகுதான்.

வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம்,
லங்காஷயரிலிருந்து ஒரு கட்டு.
ஜேபஸ் ஆர்மராட், டார்வென் ஊர்,
பஞ்சாலையில் இயந்திரம் பொருத்துபவர்.
'தூங்குபவனை எழுப்பித் தரையில் நிறுத்தும் கட்டில்.'

படம் ஒன்றில் மெழுகுவத்தி ஒரு நூலைச் சுடுகிறது.
படம் இரண்டில் நூல் அறுந்து ஈயக்குண்டு விழுகிறது.
மூன்றில் கட்டிலின் தலைமாடு உயர,
தூங்கியவன் காலால் தரை தேடி நிற்கிறான்.
முகத்தில் கோபமே இல்லை.
ஆர்மராட் நல்ல மனிதராக இருக்க வேண்டும்,
அல்லது முகம் வரையத் தெரியாதவராக.

படம் நான்கு வேறு கை.
அளவுகோல் தொடாத கோடுகள்.
ஒரு ஜன்னல். கண்ணாடிமேல் நீண்ட மூங்கில் கழி,
நுனியில் கம்பி விரல்கள் மூன்று.
கீழே தெருவில், சால்வை போர்த்திய ஒருத்தி
அண்ணாந்து நிற்கிறாள்.
குறியெழுத்து இல்லை.
விளக்கவுரையில் அவளுக்கு ஒரு வரி இல்லை.

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான்.
பேச்சிலிருந்து அதைக் கழுவ
ஆறு வருடம் ஆயிற்று.
அங்கே கோழி கூவி விடிவதில்லை,
கழிக்காரி தட்டித்தான் விடியும்.
பனிக்கட்டியை எலி கொறிப்பதுபோல் ஒரு சத்தம்.
அப்பா எழுந்துவந்து முகம் காட்டும்வரை
அவள் நகரமாட்டாள்.
வீட்டுக்கு வாரம் இரண்டு பென்னி.

சாட்சிக் கையெழுத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
கெஸையா ஆர்மராட், மனைவி.
பெயரை வேறு யாரோ எழுதியிருக்க,
பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

கட்டணம் நான்கு பவுன்.
கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை:
நாற்பது வீடு, பன்னிரண்டு வாரம்,
ஞாயிறு நீக்கி
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது தட்டல்,
ரொட்டிக்கென்று ஒரு பென்னிகூட எடுக்காமல்.

அந்தக் காசில் இந்தக் கட்டில்.
கட்டில் எழுந்து நின்றால்
கழி படுத்துக்கொள்ளும்.
தெரியாமலா வரைந்தாள்?
ஒருநாளாவது அவளும் விடியும்வரை தூங்கட்டும் என்று
அவன் இதைச் செய்தானோ.
மெழுகுவத்தி விலைக்குக் கழியே மலிவு என்று
அவள் சிரித்துக்கொண்டே வரைந்தாளோ.
ஊகம் என் கூலியில் சேராது.

விதி தெளிவானது.
விளக்கத்தில் வராத உருவம் தாளில் வரக்கூடாது.
தலைமை எழுத்தர் பெல்லிங்ஹர்ஸ்ட்
பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

மூன்று படங்களை முடித்தபோது மணி பதினொன்று.
நான்காவதைக் கட்டுக்குள் திரும்ப மடித்தேன்.
பிறகு, படம் மூன்றில்
கட்டிலுக்குப் பின்னாலிருந்த வெற்றுச் சுவரில்
ஒரு ஜன்னல் வைத்தேன்.
அறை என்றால் வெளிச்சம் வேண்டாமா, யார் கேட்பார்?
ஜன்னலுக்கு வெளியே ஒரு மயிரிழைக் கோடு,
மேலே போய் மூன்றாகப் பிரிந்தது.
கேட்டால் கண்ணாடிக் கீறல் என்பேன்.

இனி அந்த மனிதன்
நூல் அறுந்து எழுந்தானா,
தட்டி எழுந்தானா
என்று யாராலும் சொல்ல முடியாது.

மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை
வேலைக்கு நாற்பது நிமிடம் தாமதம்,
மூன்று பென்னி அபராதம்.
இந்த ஊரில் யாரும் வந்து
ஜன்னலைத் தட்டுவதில்லை.