மூன்றாம் விளக்கு

வால்வு ஒன்றுக்கு நாற்பத்தொரு பைசா.
ஓமன் பைசா. அவ்வளவுதான் வித்தியாசம்.
கணக்குப் போட்டவன் நான்.
சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
ஏசி சொட்டுகிற தகர அறையில்
கப்பல் கூலி, புதுச் சுங்கவரி, தாமதம், இன்சூரன்ஸ்
எல்லாம் கூட்டி
கடைசிக் கட்டத்தைச் சிவப்பாக்கி அனுப்பினேன்.
பதினேழாம் நாள் பதில் வந்தது:
இயந்திரங்கள் வீடு திரும்புகின்றன.

வீடு என்றுதான் எழுதியிருந்தார்கள்.
ஈரி ஏரிக்கரையில், பனி கொட்டும் ஏதோ ஓர் ஊர்.
பாண்டு வாத்தியம் உண்டாம்.
அங்கே பூட்டிக் கிடந்த கேட்டுக்குப்
பெயின்ட் அடித்த படமும் வந்தது.
பச்சை நிறம்.

பன்னிரண்டரைக்கு வெயில் சங்கு.
இனி மூன்றரை வரை முற்றத்தில் யாருக்கும் வேலையில்லை.
குல்ஜமான் ஃபோர்க்லிஃப்ட் நிழலில் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான்.
உள்ளே லூர்தையா,
உப்புக்காற்று தின்றுவிடாமலிருக்க
நான்காம் கடைசலுக்குக் கிரீஸ் பூசுகிறான்.
வேலையைக் கொண்டு போகிறதுக்கு
இவ்வளவு உபசாரமா என்றேன்.
‘இரும்பு என்ன செய்யும் அண்ணாச்சி’ என்றான்.

சுலைம் வந்து நின்றான்.
உன் நாடு, உன் வேலை என்ற சுவரொட்டியைப் பார்த்து
எட்டு மாதம் முன் சேர்ந்தவன்.
அடுத்த வருடம் என் நாற்காலி அவனுக்கென்று
முடிவாகியிருந்தது.
அதில் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால்
முழு உண்மையாகாது.

‘அவர்கள் வேலை அவர்களிடம் போகிறது,
அது சரிதானே பாய்?
எனக்கும் அப்படித்தானே சொன்னார்கள்?’

சரி என்று சொல்ல வாய் வரவில்லை.
தப்பு என்று சொல்லவும் வரவில்லை.
ஏனென்றால் போன மாதம்தான்
கோவில்பட்டியிலிருந்து சுடலைவடிவு குரல் அனுப்பியிருந்தாள்.
வெளிநாட்டு லைட்டரை நிறுத்திட்டாங்க தம்பி,
தீப்பெட்டி ஆர்டர் வருது,
ராத்திரி ஷிப்டும் இருக்கு.
நான் லட்டுப் படம் அனுப்பினேன், மூன்று.
லைட்டர் செய்த ஊரில் ஒருவன்
என்னைப் போலவே ஒரு கட்டத்தைச்
சிவப்பாக்கியிருப்பான்.
அவன் முகம் இந்த மதியத்தில்தான்
முதல்முறை தட்டுப்படுகிறது.

இங்கே இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
அங்கே எடுக்கப்போவது முப்பத்தொன்று.
மிச்சத்தை வளைகிற கைகள் பார்த்துக்கொள்ளும்.
நூற்றெண்பத்தொரு வேலை
புறப்படும்; எந்தக் கரையிலும் இறங்காது.
அதைப் போட என் தாளில் பத்தி இல்லை.
இருந்தாலும் முப்பத்தொன்று முப்பத்தொன்றுதான்.
பன்னிரண்டு குளிர்காலம் சும்மா இருந்தவனுக்கு
அதில் ஒன்று கிடைத்தால்
நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி கதவைச் சாத்திக்கொண்டு
வேலைக்குக் கிளம்புவான்.
போகட்டும்.

லூர்தையா மின்பெட்டிக் கதவைத் திறந்து காட்டினான்.
உள்பக்கம் பென்சிலில், சாய்ந்த கையெழுத்தில்
ஒரே ஒரு வரி ஆங்கிலம்:
மூன்றாம் விளக்கை நம்பாதே, அது பொய் சொல்லும்.
பதினொரு வருடம் முன்பு
இதைக் கட்டி அனுப்பிய எவனோ எழுதியது.
வேலை போன அன்று
போகிறவன் ஏன் இதை எழுத வேண்டும்?
திட்டி எழுதியிருக்கலாம்.
சும்மாவும் விட்டிருக்கலாம்.
நாங்கள் ஒரு விரலும் இழக்காதது
அந்த ஒரு வரியால்.

‘இப்ப ரெண்டாவதும் பொய் சொல்லுது, எழுதுங்க’ என்று
மார்க்கரை நீட்டினான்.
எந்த மொழியில் என்றேன்.
‘நம்ம மொழியிலதான்.
அவங்க அவங்க மொழியிலதானே எழுதினாங்க.
நாம புரிஞ்சுக்கிடலையா.’

எழுதினேன்.
சுலைம் வாங்கி, அதன் கீழே
வலமிருந்து இடமாக அதையே எழுதினான்.
எழுத்து காயும்வரை மூவரும் ஊதினோம்.

வளைகிற கைகள் கதவைத் திறந்து படிக்குமா
என்று யாரும் கேட்கவில்லை.
மூன்றரைச் சங்கு ஊதியது.
குல்ஜமான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.