படிகள் எங்கே?

ஜூலை இரண்டாம் வாரம். மொன்டானா.
விடுதியின் நான்காம் மாடியில்
பத்தொன்பது வயதுக்கென்று செய்த கட்டிலில்
நாற்பத்தேழு வயது முதுகை
ஒருக்களித்துக் கிடத்தியிருக்கிறேன்.
சுவரில் யாரோ கிழித்தெடுத்துப்போன படத்தின்
நான்கு மூலைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எதிர் அறையில் லோர்னா ஸ்வென்ட்சன்.
ஹட்டரைட் குடியிருப்பில் ஒற்றை அறைப் பள்ளி அவளுக்கு,
ஒன்றிலிருந்து எட்டுவரை
மொத்தம் பதினோரு பிள்ளைகள்.
மூன்றாம் வகுப்பில் ஆளே இல்லை என்கிறாள்,
இருக்கைக்கு அப்பாலிருக்கும் இருக்கையைச் சொல்வதுபோல.

டெல்பர்ட் வேதியியல்.
கால்பந்தும் அவன்தான், பள்ளிப் பேருந்தும் அவன்தான்.
வகுப்பு முடிந்ததும் ஊருக்குள் பெயிண்ட் அடிக்கப் போய்விடுவான்.
மறுநாள் அவன் நோட்டில்
சமன்பாடுகளுக்கு நடுவே வெள்ளைச் சொட்டுகள்.

அறிவுத் தாகம் என்று இங்கே யாரும் பொய் சொல்வதில்லை.
சம்பள அட்டவணையில் ஒரு கட்டம்
வலப்பக்கம் நகரப்
பதினைந்து கிரெடிட் வேண்டும்.
கோடைக்கு மூன்று.
கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நாங்கள்.

முதல் நாள் கடைசி வரிசைதான் முதலில் நிரம்பியது.
"இது தேர்வுக்கு வருமா?" என்றான் டெல்பர்ட்.
வகுப்பே சிரித்தது.
சிரித்து முடித்துப்
பேனாவைத் திறந்துகொண்டு
பதிலுக்குக் காத்திருந்தது.

பேராசிரியை ஹடாசா பிரிங்குக்கு முப்பத்தொன்று.
பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் பாடம் நடத்தாதவள்.
வெப்ப இயக்கவியல் நடத்துகிறாள்.
அவளிடம் போய் நின்றேன், வியாழக்கிழமை,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்:
ஞாயிறுவரை அவகாசம் கிடைக்குமா?
"தாராளமாக" என்றாள், ஏனென்று கேட்காமல்.
அண்ணனின் அறுவடை இயந்திரம் பழுதானது,
இரவு இரண்டு மணிக்கு வந்த போன்,
பல்வலி.
மூன்றும் உண்மை.
மூன்றும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன.

செவ்வாயன்று தாள் திரும்பி வந்தது.
இருபதுக்குப் பதினொன்று.
பச்சை மையில் ஒரு வரி:
விடை சரி. படிகள் எங்கே?

இருபத்திரண்டு வருடமாக
இதையே நான் சிவப்பில் எழுதி வந்திருக்கிறேன்.
கேள்விக்குறியின் வளைவுகூட அதேதான்.

கேலப் ரஸ்டாட்.
ஒன்பதாம் வகுப்பு, ஜன்னலோரம்.
விடை எப்போதும் சரியாக இருக்கும்,
விடைக்கு மேலே
வெள்ளைத் தாள்.
எப்படி வந்தது என்று கேட்டால்
"தெரியலை மிஸ், வந்துச்சு" என்பான்.
பாதி மதிப்பெண் போட்டேன்.
பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறான் என்று
இடம் மாற்றினேன்.
அப்புறமும் விடை வந்தது.
அப்புறமும் பாதிதான் போட்டேன்.

இப்போது அவன் ஊர்த் தானியக் கிடங்கில்
எடைமேடையில் நிற்கிறான்.
அண்ணனின் லாரி ஏறும்போதே
திரையைப் பார்க்காமல் எடையைச் சொல்கிறான்.
திரை பிறகு வந்து
ஆமாம் என்கிறது.

இரவு, சலவை அறை.
உலர்த்தியின் வட்டக் கண்ணாடிக்குள்
நாலு பேரின் துணிகள் புரள்கின்றன.
"வெப்பம் ஏன் திரும்பிப் போகாது, சொல்லேன்" என்கிறேன்.
லோர்னா ஒரு காலுறையைக் காட்டுகிறாள்.
இதன் ஜோடி இதன்மேலேயே வந்து விழ ஒரே ஒரு வழிதான்,
விழாமல் போக ஆயிரம் வழி என்கிறாள்.
ஒரு கணம் புரிந்தது.
அப்புறம் அது
ஆயிரத்தில் ஒன்றாய்க் கலந்துவிட்டது.

துணி மடிக்கும் மேசையில் தாளை விரித்து
அந்தக் கணக்கை மறுபடி எழுதுகிறேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பிறகு ஐந்து.
மூன்றிலிருந்து ஐந்துக்கு
எந்தக் கால் வைத்துத் தாண்டினேன்?
அடித்து எழுதிப் பார்த்தேன்.
பின்னாலிருந்து வந்து பார்த்தேன்.
டெல்பர்ட் பெயிண்ட் விரலால் தடவிப் பார்த்து
அவன் பங்குக்கு ஒரு வெள்ளைச் சொட்டு வைத்துப் போனான்.

நான்காம் படியில் கடைசியாக எழுதினேன்:
தெரியவில்லை. வந்தது.

பாதி போடுவாளோ, முழுதும் போடுவாளோ.
உலர்த்தி நின்றுவிட்டது.
துவாலை இன்னும் ஈரம்.
இன்னொரு நாணயம்
யாரிடமாவது இருக்கிறதா?