ஆறும் முப்பத்தொன்பதும்

அட்டைப்பெட்டி ஓரத்தில் இரண்டு எண்கள் ஒட்டுவோம்.
இங்கிலாந்துக்கு ஆறு.
மற்ற ஐரோப்பாவுக்கு முப்பத்தொன்பது.
கால் ஒன்றுதான்.
ஒட்டுகிறவள் துத்திப்பட்டு தபித்தாள்.
தன் கால் எந்த எண் என்று அவளுக்குத் தெரியாது,
சந்தையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவாள்.

அந்த வெள்ளிக்கிழமை நோன்பு மாதம்.
ஒன்பது மணிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில்
கணக்கறை ஷர்புதீன் பாய்
கைப்பேசியைப் பார்த்தபடி
"போயிட்டானுங்க" என்றார்.
யாரோ இறந்துவிட்டார்கள் என்று நாற்காலியைத் தள்ளி எழுந்தேன்.

நூறு ரூபாய்ப் பக்கம் நின்ற பவுண்டு
ஜும்மாவுக்குள் எட்டு ரூபாய் இறங்கியது.
பவுண்டில் விலை பேசிய பதினோராயிரம் ஜோடி
அப்போது கடலில் இருந்தன.
தண்ணீர் படாமலே சுருங்கின.

பைபாஸ் டீக்கடையில் சாயங்காலம் பெரிய சண்டை.
"இருநூறு வருஷம் போடா போடான்னோம், போகல.
இப்ப யாரும் சொல்லாமலே போறான்" என்றான் கட்டிங் வரதன்.
தனியாக வந்தால் நம்மோடு தனி ஒப்பந்தம் போடுவான்,
வரி குறையும் என்றார் சங்கத்துத் தேசிங்கு.
"அவன் பேசி முடிக்கிறதுக்குள்ள
நம்ம ஓவர்டைம் செத்துடும்" என்றார் பாய்,
நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு.
வேலூரிலிருந்து பஸ்ஸில் வரும் அருமைநாதன்
கடைசியாக வாய் திறந்தார்:
"எங்க ஊர்க் கோட்டையில
தோல் வெச்ச தொப்பியை நம்ம சிப்பாய் தலையில மாட்டச் சொன்னான்.
கலகமாச்சு.
இன்னிக்கு அந்தத் தோலை அவன் கால்ல நாம மாட்டுறோம்.
கணக்கு நேராச்சுன்னு இருந்தேன்."
டீக்காரர் தன் கணக்கைக் கேட்டார்.

பிறகு அவர்கள் போகவேயில்லை.
மார்ச் என்றார்கள்.
லெஸ்டர்காரன் தினமும் மெயில் அனுப்பினான்:
கதவு மூடுமுன் எல்லாவற்றையும் அனுப்பு, எல்லாவற்றையும்.
ஞாயிறும் மெஷின் ஓடியது.
ஆராதனை முடிந்த கையோடு
வேதாகமத்தை டிபன் பைக்குள் வைத்தபடி பெண்கள் வந்தார்கள்.
ஏப்ரலில் அவன் கிடங்கு நிறைந்திருந்தது,
கதவு திறந்தே இருந்தது,
எங்கள் நாலாம் லைனில் விளக்கு அணைந்தது.
அக்டோபர் என்றார்கள்.
அதுவும் இல்லை.

அந்தக் கார்த்திகையில் நாங்கள் போனோம்.
வடஆற்காடு,
வடஆற்காடு அம்பேத்கர்,
வேலூர்,
இப்போது திருப்பத்தூர் மாவட்டம்.
ஆம்பூர் இருந்த இடத்திலேயே இருந்தது.
வேண்டும் என்று பட்டாசு வெடித்தார்கள் சிலர்,
ஜெராக்ஸ் கடைக்காரன் கூட ஒரு ஆளை வேலைக்கு வைத்தான்.
ஓட்டுப்பெட்டி மட்டும் எவரும் கொண்டுவரவில்லை.

புது ரப்பர் ஸ்டாம்ப் குத்திய இன்வாய்ஸை
லண்டன் வங்கி திருப்பி அனுப்பியது:
கடன் கடிதத்தில் வேலூர், இதில் வேறு.
இடம் மாறிய காரணத்தை விளக்கவும்.

மூன்று முறை எழுதி அழித்தேன்.
நாங்கள் எங்கும் போகவில்லை ஐயா,
கோடு போயிற்று.
உங்களுக்கா இதைச் சொல்ல வேண்டும்?
கடைசியில் அரசாணை எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன்.
பணம் வர நாற்பத்திரண்டு நாள்.

ஜனவரிக் கடைசியில் அவர்கள் நிஜமாகவே போனார்கள்.
அதுவும் வெள்ளிக்கிழமைதான்.
அன்று பேக்கிங்கில் ஒன்பது பேருக்குக் கணக்கு முடித்தார்கள்.
நாலாவது கையெழுத்து தபித்தாளுடையது.
தையல் பிசகிய கறுப்பு ஜோடி ஒன்றைக் கேட்டு வாங்கி
என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள்.
"இது என்ன நம்பர்மா?"
இரண்டையும் சொன்னேன்.
"ரெண்டுமே பெரிசு" என்று
முனையில் கழிவுத்துணி அடைத்துக்கொண்டாள்.

காவலாளிக்குக் கேட் பாஸ் அடித்தேன்.
ரிஜெக்ட், ஒரு ஜோடி, விலை இல்லை.
செல்லும் இடம்: துத்திப்பட்டு.
அடுத்த கட்டத்தில் மாவட்டம் கேட்டது.
பழக்கத்தில் வே அடித்துவிட்டேன்.
அவள் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
அப்படியே கொடுத்தேன்.